மலைகளைக் கேட்ட பாட்டியம்மாள்



நம்ம வெண்ணந்தூரில் பாவடியில் பாவு விரிக்கிறதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஒருத்தர் மாத்திரம் நின்று பாவு போட முடியாது, பல கைகள் வேணும். ஆனாலும் முதலில் ஒருத்தர் போய் முனையைப் பிடிக்கணும். ஊழியமும் அப்படித்தான். எழுப்புதல் வேணும் என்று எல்லாரும் ஜெபிக்கிறோம். கிராம ஊழியத்துக்கு முன்னே நின்று நடத்துகிறது யார் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளுகிறோம். வயசாயிடுச்சு, உடம்பு முடியல, கூட யாரும் இல்லை என்கிறோம். இப்படிச் சொல்லுகிற நமக்காகவே, அடுத்திருக்கிற கொல்லிமலையில் ஊழியம் செய்த ஒரு தாயாரின் ஜீவியத்தை இம்மாதம் தியானிப்போம். அவர்கள் பெயர் ஈவ்லின் பிராண்ட். மலை ஜனங்களுக்கு அவர்கள் பாட்டியம்மாள்.

செல்வத்திலிருந்து மலைக்கு

1879-ம் வருஷம் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தார்கள். படம் வரைவதைக் கற்றவர்கள். அந்த வாழ்க்கையை விட்டு மிஷனெரியாக நம் தேசத்துக்கு வந்தார்கள். 1907-லேயே இங்கு வந்து, கொல்லிமலை ஜனங்கள்மேல் பாரம் கொண்டிருந்த ஜெசி பிராண்ட் ஐயாவை 1913-ல் விவாகம் செய்தார்கள். விவாகம் முடிந்த கையோடு மலையேறினார்கள். இன்றைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறிப்போகிறது. அன்றைக்கு ரோடு கிடையாது. டோலியும் கால்நடையும்தான். வழியிலே மழை பிடித்துக்கொண்டது. நனைந்துபோன மணமகளாக மலை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

போன உடனே ஆத்துமாக்கள் திரளாய் வந்துவிடவில்லை. வருஷக்கணக்காய் ஒருவரும் இரட்சிக்கப்படவில்லை. ஆனாலும் இருவரும் சும்மா இருக்கவில்லை. புண்களுக்கு மருந்து போட்டார்கள், பள்ளி நடத்தினார்கள், விவசாயத்துக்கு உதவினார்கள்.

அந்த நாட்களில் நரம்புச் சிலந்தி நோய் மலையிலே கொடுமையாய் இருந்தது. காலில் புழு வெளியே வருகிறவர்கள் படிக்கிணற்றில் இறங்கும்போது அதன் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்கும் நோய் வரும். பிராண்ட் தம்பதியார் கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி, ஒருவரும் உள்ளே இறங்காமல் மேலிருந்து சேந்தும்படி ஜனங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இதை ஒரு ஆள் செய்து முடிக்க முடியாது. ஊரே சேர்ந்து கல் சுமக்கணும். முழு இந்தியாவும் இந்த நோயிலிருந்து விடுபட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2000-ல்தான் என்றால் யோசித்துப் பாருங்கள்!

1918-ல் உலகத்தையே வாரிக்கொண்டுபோன விஷக்காய்ச்சல் மலையையும் விடவில்லை. அதுவரை எதிர்த்து நின்ற ஒரு பூசாரியும் அவர் மனைவியும் அதில் விழுந்தார்கள். மரிக்கும்முன் தங்கள் கைக்குழந்தையை பிராண்ட் தம்பதியாரிடமே ஒப்புவித்தார்கள். அந்தக் குழந்தைக்கு ரூத் என்று பேரிட்டு, சொந்தப் பிள்ளையாய் வளர்த்தார்கள். அதைப் பார்த்து ஜனங்களின் இருதயம் திறந்தது. சபை உண்டாயிற்று. அல்லேலூயா!

துணை விழுந்த நாள்

கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன்மலை என்று ஐந்து மலைகளுக்குச் சுவிசேஷம் போகவேண்டும் என்பது இருவருடைய தரிசனம். ஆனால் 1929-ல் மலைக்காய்ச்சல் முற்றி ஜெசி ஐயா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயது 44. பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில். 50 வயதில் விதவையாய் நின்ற தாயார் உடைந்துபோனார்கள். விசுவாச வீரர்கள் அழமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஆனாலும் அழுது முடித்து மறுபடியும் இந்தியாவுக்கு வந்தார்கள்.

பிற்காலத்தில் மிஷன் அவர்களைச் சமவெளிக்கு மாற்றியது. 70 வயதை நெருங்கும்போது, மலைக்கு அனுப்ப மறுத்துவிட்டது. வயதான அம்மா தனியே போய் விழுந்தால் யார் பார்க்கிறது என்ற அவர்கள் பயத்திலும் நியாயம் உண்டு. இங்கேதான் நாம் கவனிக்கணும். தாயார் சண்டை போட்டுக்கொண்டு ஓடவில்லை. இன்னும் ஒரு வருஷம் கேட்டு வாங்கி, சொன்ன சொல்லைக் காத்துச் சமவெளியில் வேலை செய்தார்கள். ஓய்வு நாள் வந்தது, பிரிவுபசாரமும் நடந்தது. அதற்குப் பிறகு மிஷன் பணம் இல்லாமலே மலையேறிவிட்டார்கள்! கீழ்ப்படிதலையும் விடவில்லை, தரிசனத்தையும் விடவில்லை.

பலவீனமே கூட்டத்தைச் சேர்த்தது

மட்டக் குதிரையில் ஊர் ஊராய்ப் போனார்கள். குதிரையிலிருந்து பாறையில் விழுந்தார்கள். முழங்காலுக்குக் கீழே பலம் போய், இரண்டு கையிலும் கோல் ஊன்றி நடந்தார்கள். 75 வயதில் இடுப்பு எலும்பு முறிந்து, விடியுமட்டும் ஆளில்லாமல் கிடந்தார்கள். நாலு பேர் கட்டிலில் சுமந்து மலையிறக்கினார்கள். அப்புறம் வேலூர் வரைக்கும் ஜீப்பிலே 240 கிலோமீட்டர். அங்கே குஷ்டரோகிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தின டாக்டர் பால் பிராண்ட், இந்தத் தாயாரின் மகன்தான். ஓய்வெடுங்கள் என்று அவர் மன்றாடியும் கேட்கவில்லை. திரும்பவும் மலைக்கே!

பாருங்க, தன்னால் நடக்க முடியாத ஒருவர் மற்றவர்களை எப்படி நடத்தினார்? அவர்களுக்குக் கால் இல்லாததால் மலை ஜனங்கள் காலானார்கள். கர்த்தரால் பலப்பட்டவர் எல்லாவற்றையும் தானே சுமக்கிறவர் அல்ல, மற்றவர்கள் தோள் கொடுக்க இடம் விடுகிறவர். அவர்கள் வைராக்கியமே மற்றவர்களின் பயத்தைப் போக்கிற்று.

ஐந்து மலைகளிலும் கால் பதித்தபின், 1974-ல், 95 வயதில் இளைப்பாறுதலுக்குள் பிரவேசித்தார்கள். அவர்கள் விருப்பப்படியே சாதாரணப் பருத்தித் துணியில் சுற்றி, கொல்லிமலையிலே கணவர் அருகே அடக்கம் செய்தார்கள்.

தேவபிள்ளையே, காலேப் 40 வயதில் கண்ட மலைநாட்டை 85 வயதில் கேட்டு வாங்கினான். தைரியம் ஒரே இரவில் வருகிறதில்லை. ஒரு கிணற்றுச் சுவர், ஒரு அனாதைக் குழந்தை, கொடுத்த வார்த்தையைக் காத்த ஒரு வருஷம் என்று அது சிறுகச் சிறுக வளருகிறது. வெகுகாலம் ரோடில்லாமல் நோயாளிகளை டோலியில் இறக்கின போதமலை நம் கண்ணுக்கு முன்னேயே இருக்கிறது. நம் தெருவிலும் ஜெபிக்க ஆளில்லாத வீடுகள் உண்டு. நீங்கள் முதலில் போய் முனையைப் பிடியுங்கள். மற்ற கைகளைக் கர்த்தர் அனுப்புவார்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் வயதையும் பெலவீனத்தையும் சாக்காகச் சொன்னதை மன்னியும். முன்னே நடக்கிற தைரியத்தையும், கூட நடக்கிறவர்களை நேசிக்கிற இருதயத்தையும் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.