தலை எண்ணெய் விற்ற ஹெச். போஸ்

நம்ம பொள்ளாச்சிப் பக்கம் எண்ணெய்க்குப் பஞ்சமில்லீங்க. ஆனைமலை, கோட்டூர், சேத்துமடைன்னு எந்தப் பக்கம் போனாலும் தென்னந்தோப்புதான். குழுவுல பாதிப்பேர் கொப்பரைக் களத்துல ஒரு நாளாவது வேலை பார்த்தவங்க. செக்குல ஆட்டின எண்ணெயை பாட்டில்ல ஊத்தி, லேபிள் ஒட்டி, கண்காட்சியில கடை போடுறவங்களும் நம்மில் உண்டு. மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதணும்னு பேச்சு வந்தப்போ, தலை எண்ணெய் விற்றே நாடறிந்த ஒருத்தரைப் பற்றி எழுதலாம்னு தோணுச்சு. வங்காளத்துல ஹெச். போஸ் என்று சொன்னால் தெரியும். முழுப்பெயர் ஹேமேந்திரமோகன் போஸ். நேதாஜி போஸ் வேற, இவர் வேற.

1864-ல், இப்போது வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங் பகுதியில் பிறந்தார். படித்த குடும்பம். அப்பாவோடு பிறந்த ஆனந்தமோகன் போஸ், 1898-ல் நம்ம சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். பையனை டாக்டராக்க வேண்டும் என்று கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சேர்த்தார்கள். அங்கே ஒரு நாள் சோதனை செய்யும்போது அமிலம் கண்ணில் தெறித்துவிட்டது. பார்வை போகவில்லை, ஆனால் படிப்பு போயிற்று. குடும்பத்துல ஒரு பையன் டாக்டர் படிப்பை நடுவில் விட்டால் எத்தனை பேர் எத்தனை பேசுவாங்கன்னு நமக்குத் தெரியும். அவர் காதிலும் விழுந்திருக்கும். கொஞ்ச காலம் கழித்து, கற்ற அரைகுறை வேதியியலை வைத்து வாசனைப் பொருள் செய்யத் தொடங்கினார். 1890-களில் அவர் கொண்டுவந்த மணமுள்ள தலை எண்ணெய்தான் குந்தலீன். குந்தலம் என்றால் கூந்தல். பேரைக் கேட்ட உடனே எதுக்கான சரக்குன்னு தெரிஞ்சிடும்.

வாசனைச் சரக்கு என்றாலே சீமையிலிருந்து வரணும் என்று நினைத்த காலம் அது. கல்கத்தாவிலேயே செய்து, இது நம் நாட்டுச் சரக்கு என்று சொல்லி விற்றார். கூடவே தில்கோஷ் என்ற அத்தர், வெற்றிலைக்கு தாம்புலீன்.

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்தி, எண்ணெய் முடிக்கு என்னதான் செய்யுதுன்னு பார்த்துக்கலாமுங்க. அது தெரியாம போஸ் செய்தது எதுவரை சரின்னு சொல்ல முடியாது.

ஒவ்வொரு முடிக்கும் மேலே மெல்லிய செதில் அடுக்கு இருக்கு. ஓட்டு வீட்டுக் கூரையில ஓடு வேய்ஞ்ச மாதிரி, வேரிலிருந்து நுனியைப் பார்த்துப் படிஞ்சிருக்கும். வெயில், போர் உப்புத்தண்ணி, துணி சோப்பு எல்லாம் படப்பட செதில் தூக்கிக்கும். ஒரு முடியோட செதில் பக்கத்து முடியில மாட்டும். அதுதான் சிக்கு. எண்ணெய் தடவினா முடிக்கு முடி வழுக்கிக்கிட்டுப் போகும், மாட்டாது. தேங்காய் எண்ணெய்க்கு இன்னொரு குணமும் உண்டு. அதுல அதிகமா இருக்கிற லாரிக் அமிலம் சின்ன, நேரான மூலக்கூறு. அதனால முடிக்கு உள்ளேயும் போகுது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூணையும் இந்திய ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்து 2003-ல் வெளியிட்டாங்க. தலைக்குக் குளிக்கிறப்போ முடியிலிருந்து புரதம் கழிஞ்சு போறதைக் குறைச்சது தேங்காய் எண்ணெய் ஒண்ணுதான். நம்ம பாட்டிமார் எண்ணெய் வெச்சு ஊறவிட்டு, அப்புறம் அரப்புப் போட்டு அலசினதுல அர்த்தம் இருக்கு.

ஈர முடி சீக்கிரம் இழுபடும், சீக்கிரம் அறும். தலை ஓரளவு காய்ஞ்ச பிறகு, பல் அகலமான சீப்பால நுனியிலிருந்து சிக்கெடுத்து மேலே மேலே வரணும். உச்சியில சீப்பை வெச்சு இழுத்தா எல்லாச் சிக்கும் கீழே போய் ஒரே முடிச்சா இறுகிப்போகும். முடிச்சுக்கு மேலே ஒரு கையால பிடிச்சுக்கிட்டா வேர் வலிக்காது. நார் மில்லுக்குப் போறவங்களுக்கு இன்னொரு தொல்லை, தலை பூரா தென்னை நார்த் தூசி. பின்னிப் போட்டு, துணியை இறுக்கிக் கட்டிக்கிட்டுப் போங்க. வீட்டுக்கு வந்ததும் தூசியை உதறி எடுத்துட்டு அப்புறம் எண்ணெய் வைங்க. தூசிமேல எண்ணெய் வெச்சா சேறாயிடும், சிக்கும் ரெண்டு மடங்காயிடும்.

எண்ணெயால் ஆவது இவ்வளவுதான். புது முடி முளைக்க வைக்கிற வேலை அதுக்கு இல்லை. போஸுடைய விளம்பரங்கள் இந்த எல்லையைத் தாண்டின. பெரிய மனிதர்களிடம் நற்சான்று வாங்கி அச்சடித்தார். கவி ரவீந்திரநாத் தாகூரும் குந்தலீனைப் பாராட்டிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கால வழக்கம் அது என்று விடலாம். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவரைப் பார்த்து நாம லேபிள் எழுத வேண்டாம் என்பது என் கருத்து. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டினால் ரத்தசோகை காரணமாக இருக்கலாம். எண்ணெயை மாத்திக்கிட்டே இருக்கிறதைவிட ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் பார்க்கிறது நல்லது. நம்ம எண்ணெய் சிக்கு விழாமல் காக்கும், முடி அறுவதைக் குறைக்கும். அதை எழுதி விற்றாலே போதும், அது பொய்யில்லை.

விளம்பரத்தில் அவர் செய்த இன்னொரு காரியத்தை மட்டும் மனசாரப் பாராட்டணும். 1896-ல் குந்தலீன் பரிசு என்று ஒரு சிறுகதைப் போட்டி வைத்தார். கதையில் எண்ணெயின் பேச்சு எங்காவது வரணும், ஆனால் விளம்பரம் மாதிரி தெரியக்கூடாது. இதுதான் நிபந்தனை. முதல் ஆண்டே பரிசு பெற்ற கதையை எழுதியவர் யார் தெரியுமா? செடிகொடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்த விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ்! கல்கத்தாவை அழிக்க வருவதாகச் சொன்ன புயல் திடீரென்று காணாமல் போகிறது. வானிலைக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நடந்தது இதுதான்: உடம்பு தேற இலங்கைக்குக் கப்பலில் போன ஒருவர், மகள் கொடுத்தனுப்பிய தலை எண்ணெய்ப் பாட்டிலைக் கொந்தளித்த கடலில் வீசிவிட்டார், அலை அடங்கிவிட்டது. எண்ணெய் நீரின் மேல் மெல்லப் படர்ந்து அலையைத் தணிக்கும் என்ற அறிவியலை வைத்து எழுதிய வேடிக்கை. வங்காளியில் வந்த முதல் அறிவியல் கதைகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். 1903-ல் சரத் சந்திர சட்டோபாத்யாயர், பின்னாளில் தேவதாஸ் எழுதியவர், தன் மாமாவின் பெயரில் கதை அனுப்பிப் பரிசு வாங்கினார்.

பெண்களும் எழுதிப் பரிசு பெற்றார்கள். அதில் ஒருவர் மான்குமாரி பாசு. சின்ன வயதிலேயே கட்டிக்கொடுத்து, இருபது வயதுக்குள் கணவனை இழந்தவர். அன்றைய மேல்சாதி வங்காள வீடுகளில் விதவைக்கு வாசனை எண்ணெயும் அலங்காரமும் ஆகாது. தலைவாரிப் பூச்சூட விடாத ஊரில், தலை எண்ணெய்க்காரர் வைத்த போட்டியில் ஒரு விதவை பரிசு வாங்குகிறார். அந்தப் பழக்கம் வங்காளத்தோட மட்டும் இருந்ததுன்னு நாம சொல்லிக்க முடியாது. நம்ம பக்கத்துலயும் கணவனை இழந்தவங்க எத்தனை பேர் எண்ணெயையும் கண்ணாடியையும் ஒதுக்கி வெச்சாங்கன்னு மூத்தவங்களைக் கேட்டாத் தெரியும். சிக்கு விழற தலைக்கு சுமங்கலி, விதவைன்னு வித்தியாசம் கிடையாதுங்க.

எண்ணெயில் வந்த பணத்தை போஸ் சும்மா வைக்கவில்லை. கல்கத்தாவில் சைக்கிள் புதுசாக வந்தபோது கடை வைத்தார். தானும் ஓட்டி, ஜகதீஷ் போஸ், வேதியியல் அறிஞர் பி.சி. ராய் போன்றவர்களுக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பிறகு மோட்டார் கார் வியாபாரம், அச்சகம். 1905-ல் வங்கப் பிரிவினை வந்து சுதேசி இயக்கம் பற்றிக்கொண்டது. மெழுகு உருளைகளில் குரலைப் பதியும் கருவியை வைத்து, தாகூர் தம் பாட்டுகளைத் தாமே பாட, பதிவு செய்து விற்றார். அந்த உருளைகளில் பெரும்பாலானவை இன்றைக்கு இல்லை. தாகூரின் அந்தக் காலக் குரல் பெரும்பாலும் அதோடு போச்சு என்பது பெரிய நட்டம்தான்.

மனைவி பெயர் மிருணாளினி. குழந்தைகளுக்காக எழுதிப் பேர்பெற்ற உபேந்திரகிஷோர் ராயின் தங்கை. உபேந்திரகிஷோரின் பேரன்தான் திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய். போஸ் தம்பதிக்குப் பதினாலு பிள்ளைகள். நிதின் போஸ் திரைப்பட இயக்குநர், முகுல் போஸ் ஒலிப்பதிவாளர், கார்த்திக் போஸ் கிரிக்கெட்காரர், மகள் மாலதி கோஷால் தாகூர் பாட்டில் பேர் வாங்கினார். பிள்ளைகளைப் பற்றி இவ்வளவு எழுதினவங்க, அம்மாவைப் பற்றி எழுதினது ரொம்பக் கம்மி. பதினாலு தலைக்கு எண்ணெய் வெச்சு, சிக்கெடுத்து, பின்னி விட்ட வீட்டில்தான் குந்தலீனுக்கு முதல் பரீட்சை நடந்திருக்கும்னு நான் நினைச்சுக்குவேன். ஏட்டில் அப்படி இல்லை, என் நினைப்புதான்.

1916-ல் ஹெச். போஸ் காலமானார். ஐம்பத்திரண்டு வயதுகூட அதிகமில்லை. அவர் போன பிறகும் சில ஆண்டுகள் குந்தலீன் பரிசு நடந்தது, புதுசாக எழுத வந்தவர்கள் கதை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.