பம்பாயில் பணத்தை விட்ட ஜி.டி.நாயுடு: நஷ்டத்திலிருந்து எப்போது வெளியே வருவது?

கோவை அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் தொடங்கி கோல்டுவின்ஸ் வரை நீளும் 10.1 கி.மீ. மேம்பாலத்துக்கு 2025 அக்டோபரில் ஜி.டி.நாயுடுவின் பெயர் வைக்கப்பட்டது. மோட்டார், ரேடியோ, ஷேவிங் ரேஸர் என்று அவர் செய்தவை பற்றி கோவையில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு கதை தெரியும். பஞ்சு வியாபாரத்தில் சம்பாதித்த பெரும் பணத்தை பம்பாயில் தொலைத்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர் என்பது மட்டும் அதிகம் பேசப்படுவதில்லை.

இன்றைக்கு அந்தக் கதை ஏன் முக்கியம்? 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ டிரேடிங்கில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று செபி 2024 செப்டம்பரில் சொன்னது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இதைவிட யோசிக்க வைக்கும் தகவல் ஒன்றும் அதில் இருந்தது. தொடர்ந்து நஷ்டப்பட்டவர்களில் 75 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் டிரேடிங்கை விடவே இல்லை.

வாங்குவது எப்படி என்று சொல்லித்தர ஆயிரம் வீடியோ இருக்கிறது. வெளியே வருவது எப்படி? அதற்கு நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கோவைக்காரரின் வாழ்க்கையைப் பார்க்கலாம்.

கலங்கல் முதல் திருப்பூர் வரை

கோபால்சாமி துரைசாமி நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23ஆம் தேதி, சூலூருக்குப் பக்கத்திலுள்ள கலங்கல் கிராமத்தில். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை, பாதியிலேயே நின்றுவிட்டார்.

கிராமத்துக்கு வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிள்தான் அவரை மாற்றியது. மாடு இல்லாமல் ஓடும் அந்த வண்டியைப் பார்த்தவர், அதுபோல ஒன்றை வாங்கியே தீருவது என்று கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். வருடக்கணக்கில் காசு சேர்த்து வண்டியை வாங்கினார். வாங்கியதை முழுசாகக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி மாட்டினார். அவருக்கு இன்ஜினீயரிங் கற்றுக்கொடுத்தது அந்த வண்டிதான்.

அதன்பின் திருப்பூரில் பஞ்சுத் தொழில். கொங்கு மண்ணின் கரிசல் பருத்தி, பக்கத்திலேயே மில்கள் என்று தொழிலுக்கு ஏற்ற இடம். முதல் உலகப் போர் வந்ததும் பஞ்சுக்குக் கிராக்கி ஏறியது. இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞரின் கையில் லட்சத்தைத் தாண்டிய பணம் புரண்டது. அந்தக் காலத்தில் அது சாதாரணத் தொகை இல்லை.

பம்பாயில் என்ன நடந்தது?

கையில் பணம் இருந்தால் அடுத்த கேள்வி, இதைப் பெரிசாக்குவது எப்படி என்பதுதான். பஞ்சு வியாபாரத்துக்கு இந்தியாவின் தலைநகரம் பம்பாய். நாயுடு அங்கே போனார்.

திருப்பூரில் செய்ததும் பம்பாயில் செய்ததும் பெயரளவில் ஒரே தொழில்தான், பஞ்சு. ஆனால் ஆட்டமே வேறு. திருப்பூரில் அவருக்கு விவசாயியைத் தெரியும், பஞ்சைத் தொட்டுப் பார்த்தால் தரம் தெரியும், மில்லுக்கு என்ன தேவை என்பதும் தெரியும். பம்பாயிலோ லிவர்பூல், நியூயார்க் நிலவரத்தைப் பார்த்து விலை ஆடும். தலைமுறை தலைமுறையாக அதையே செய்துவந்த தரகர்களும் வியாபாரிகளும் எதிரே இருந்தார்கள். போர்க்கால ஏற்றமும் நிரந்தரம் இல்லை. 1920இல் உலகம் முழுக்கப் பஞ்சு விலை சரிந்தது.

பம்பாய் வியாபாரிகளோடு அவரால் போட்டி போட முடியவில்லை. திருப்பூரில் சேர்த்தது கரைந்தது. நாயுடு கோவைக்குத் திரும்பினார்.

ஆக, இது நஷ்டத்தை முன்கூட்டியே கணித்து அழகாகத் தப்பித்த கதை அல்ல. அவர் வெளியே வந்தது தாமதமாகத்தான். ஆனால் வந்தார். விட்டதை அங்கேயே பிடிக்கிறேன் என்று கடன் வாங்கிக்கொண்டு மறுபடி பம்பாய்க்கு ரயில் ஏறவில்லை. அவருடைய மீதி வாழ்க்கையைச் சாத்தியமாக்கியது இதுதான்.

நமக்கு ஏன் முடிவதில்லை?

லாபத்தில் இருக்கும் பங்கை டக்கென்று விற்றுவிடுகிறோம். நஷ்டத்தில் இருப்பதை மட்டும் கட்டிக்கொண்டு அழுகிறோம். இது உங்களுக்கு மட்டும் இருக்கிற குறை இல்லை. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979இலேயே இதன் வேரைக் காட்டினார்கள். 1,000 ரூபாய் கிடைக்கும் சந்தோஷத்தைவிட 1,000 ரூபாய் போகும் வலி பெரிது. அந்த வலியைத் தள்ளிப்போட மனசு இன்னும் பெரிய ரிஸ்க் எடுக்கும். விற்காதவரை நஷ்டம் பேப்பரில்தானே இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளும்.

இதற்கு விலை உண்டு. அமெரிக்காவில் ஒரு புரோக்கர் நிறுவனத்தின் 10,000 கணக்குகளை டெரன்ஸ் ஓடீன் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்து 1998இல் முடிவை வெளியிட்டார். மக்கள் லாபத்தில் விற்ற பங்குகள், நஷ்டத்தில் விற்காமல் வைத்திருந்த பங்குகளைவிட அடுத்த ஒரு வருடத்தில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளிகள் அதிக வருமானம் தந்திருந்தன.

கணக்கும் நமக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது. 10 சதவீதம் இறங்கினால் பழைய இடத்துக்கு வர 11 சதவீதம் ஏறினால் போதும். 20 சதவீதம் இறங்கினால் 25 ஏற வேண்டும். 50 சதவீதம் இறங்கினால் 100 சதவீதம், அதாவது இருப்பது இரட்டிப்பாக வேண்டும். காத்திருக்கக் காத்திருக்க மீண்டு வரும் பாதை நீளமாகிறது.

ஊருக்கு வந்த பிறகு

கோவையில் அப்போது ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் இருந்தார். நாயுடுவின் இயந்திர அறிவு அவருக்குப் பிடித்துப்போனது. ஒரு பஸ் விலை 8,000 ரூபாய். பாதியை ஸ்டேன்ஸ் கடனாகக் கொடுத்தார். மீதிப் பாதியை நாயுடு போட்டார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த பஸ் ஓடத் தொடங்கியது. ஓட்டியவரும் நாயுடுதான்.

பம்பாயில் விட்டதைத் துரத்திப் போயிருந்தால் அந்த 4,000 ரூபாய் அவர் கையில் இருந்திருக்குமா? நஷ்டத்தின் உண்மையான விலை போன பணம் மட்டுமல்ல. அடுத்த வாய்ப்பு வரும்போது கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பதும்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர் திரும்பி வந்தது தனக்குக் கைவந்த இயந்திரத்தின் பக்கம். ஒற்றை பஸ் யுனைடெட் மோட்டார் சர்வீஸ் என்ற யு.எம்.எஸ். ஆக வளர்ந்தது. 1933இல் அந்த நிறுவனத்திடம் சுமார் 280 பஸ்கள் இருந்தன. 1937இல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவில் மின் மோட்டாரைத் தயாரித்துக் காட்டினார். கோவை பம்ப், மோட்டார் தொழிலின் தொடக்கப் புள்ளிகளில் அது ஒன்று.

கோபத்தில் வெளியேறுவதும் உண்டு

நாயுடு வெளியேறியது பம்பாயிலிருந்து மட்டுமல்ல. 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள் உருவாக அவர் காரணமாக இருந்தார், முதல்வராகவும் இருந்தார். நான்கு வருடப் படிப்பு நேர விரயம், இரண்டு வருடம் போதும் என்பது அவர் கருத்து. அரசு ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டு விலகினார். 1952இல் 2,000 ரூபாய் விலையில் இரண்டு பேர் போகும் கார் செய்தார். உரிமம் கிடைக்கவில்லை, அதையும் நிறுத்தினார்.

அதே 1950களில் வரிக்கொள்கையை எதிர்த்து, தான் தயாரித்த பொருட்களைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்தார். எதிர்ப்பு நியாயமா இல்லையா என்பது வேறு விவாதம். ஆனால் உடைந்த பொருளை ஒட்டவைக்க முடியாது. சந்தையிலும் இதேதான். மார்க்கெட் விழுந்த நாளில் ஆத்திரத்தில் நல்ல பங்கையும் சேர்த்து எல்லாவற்றையும் விற்றுத் தள்ளுவது திட்டமிட்ட வெளியேற்றம் ஆகாது.

அப்படியானால் எப்போது வெளியே வருவது?

*வாங்கும்போதே முடிவு செய்யுங்கள்.* எந்த விலைக்குக் கீழே போனால் என் கணிப்பு தப்பு என்பதை, பணம் போடும் முன்பே எழுதிவையுங்கள். நஷ்டத்துக்குள் போன பிறகு எடுக்கும் முடிவில் பயமும் நப்பாசையும் கலந்துவிடும்.

*ஸ்டாப் லாஸ் போடுங்கள், அதையே நம்பி இருக்காதீர்கள்.* தேர்தல் முடிவு வந்த 2024 ஜூன் 4 அன்று நிஃப்டி ஒரே நாளில் 5.9 சதவீதம் சரிந்தது. அப்படி வேகமாக விழும்போது நீங்கள் குறித்த விலையில் ஆர்டர் நிறைவேறாமலே போகலாம். அதனால் ஒரே டிரேடில் போடும் தொகையையே சின்னதாக வைப்பதுதான் முதல் பாதுகாப்பு.

*காரணத்தைப் பாருங்கள்.* வாங்கியதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். அது இன்னும் உயிரோடு இருக்கிறதா? இல்லை என்றால் விலை எங்கே இருந்தாலும் வெளியே வந்துவிடலாம். காரணமே செத்த பிறகு ஆவரேஜ் பண்ணிக்கொண்டே போவது கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க இன்னொரு வாளியைப் போடுகிற வேலை.

*பெயரை மாற்றாதீர்கள்.* இரண்டு நாளுக்கு என்று வாங்கிய பங்கு விழுந்ததும் அதை நீண்டகால முதலீடு என்று சொல்ல ஆரம்பிப்பது பலரிடம் உண்டு. நீண்டகாலத்துக்கென்றே திட்டமிட்டு எஸ்ஐபி போடுபவருக்கு விலைச் சரிவு மட்டுமே வெளியேறும் காரணம் ஆகாது. இரண்டும் வேறு வேறு.

*இன்று புதிதாக வாங்குவேனா?* கையில் அந்தப் பங்கு இல்லை, பணம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய விலையில் வாங்குவீர்களா? மாட்டேன் என்றால், வைத்திருப்பதற்கும் காரணம் இல்லை.

*வரிக் கணக்கையும் பாருங்கள்.* பங்குகளை விற்று ஏற்படும் குறுகிய கால மூலதன நஷ்டத்தை மூலதன ஆதாயத்தில் கழித்துக்கொள்ளலாம். மிச்சம் இருந்தால், ரிட்டர்னை உரிய தேதிக்குள் தாக்கல் செய்திருக்கும் பட்சத்தில் எட்டு வருடம் வரை எடுத்துச் செல்லலாம். விற்காத நஷ்டத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

டிரேடா, ஆட்டமா?

ஒரு டிரேடிலிருந்து வெளியே வருவது ஒரு முடிவு. இந்த ஆட்டமே எனக்கானது இல்லை என்று வெளியே வருவது அதைவிடப் பெரிய முடிவு. எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்த எது எனக்குத் தெரியாது என்று கேட்டுப் பார்த்தால் இரண்டாவது முடிவுக்கான பதில் கிடைக்கும். எஃப் அண்ட் ஓ-வில் இன்று எதிரே இருப்பது பெரும்பாலும் பெரிய நிறுவனங்களும் அவற்றின் கம்ப்யூட்டர்களும். மூன்று வருடக் கணக்கு வழக்கை ஒருமுறை முழுசாகக் கூட்டிப் பார்த்தால் நாம் அந்த 93 சதவீதத்திலா, 7 சதவீதத்திலா என்பது தெரிந்துவிடும்.

ஜி.டி.நாயுடு 1974 ஜனவரி 4ஆம் தேதி காலமானார். பஞ்சு தரகராக யாரும் அவரை நினைவில் வைத்திருக்கவில்லை. இருபதுகளில் தோற்ற அந்த ஒரு ஆட்டத்தை முடித்துக்கொண்டதால், தனக்குத் தெரிந்த வேலையைச் செய்ய அவருக்கு இன்னும் ஐம்பது வருடம் மிச்சம் இருந்தது.