தமிழில் மருத்துவம் பயிற்றியவர்

நுழையும்முன்

மரக்காணத்து உப்பளங்களில் வெயில் ஏற ஏறப் பாத்திகளில் படிந்த உப்பு கண்ணைக் கூசச் செய்யும். நாள் முழுதும் உவர்நீரில் நின்று உப்பு வாருவோரின் கால்களில் தோல் வெடிக்கும். சிறு கீறலும் எளிதில் ஆறாது. வெப்பம் தாங்காமல் மயங்கி விழுவோரும் உண்டு. அத்தகைய இடத்தில் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், மருத்துவ உதவி கிட்டும்வரை அருகில் இருப்பவரின் அறிவே அவருக்குத் துணை. அவ்வறிவு அங்குள்ளோர் பேசும் மொழியில் இருந்தால்தான் உரிய நேரத்தில் கைகொடுக்கும். மரக்காணத்திலிருந்து வேதாரணியம்வரை நீளும் இந்த நெய்தல் நிலத்திற்குத் தெற்கே, கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணம் உள்ளது. உடலைக் காக்கும் அறிவைத் தமிழ் வழியே அங்கே கற்பித்த ஒருவரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்னும் நகரம் உள்ளது. அங்கு 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் சாமுவேல் பிஸ்க் கிரீன் பிறந்தார். பல உடன்பிறந்தோர் நிறைந்த பெரிய குடும்பம் அவருடையது. அவருடைய தமையன் ஆண்ட்ரூ கிரீன், நியூயார்க் நகரின் மையப் பூங்கா உருவாக உழைத்தவர். நியூயார்க்கையும் அதனைச் சூழ்ந்த நகரங்களையும் ஒரே மாநகராக இணைத்த முயற்சியில் முன்னின்றவர். தமையன் தம் நாட்டின் மாபெரும் நகரை அமைக்கும் பணியில் ஈடுபட, தம்பியோ பல்லாயிரம் மைல் தொலைவிலுள்ள சிற்றூர் ஒன்றைத் தம் பணிக்களமாகத் தேர்ந்தார்.

கிரீன் நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அக்காலத்தில் நோய்க்குக் காரணமான கிருமிகளைப் பற்றி மருத்துவ உலகம் அறிந்திருக்கவில்லை. மயக்க மருந்தின் பயன்பாடு அடுத்த ஆண்டில்தான் பாஸ்டன் நகரில் வெளிப்படையாக மெய்ப்பிக்கப்பட்டது. தாய்நாட்டிலேயே தொழில் நடத்தி வளமாக வாழ்ந்திருக்கக்கூடிய அவர், அமெரிக்கச் சமயப் பணிச் சபையின் மருத்துவராகக் கடல் கடக்க முன்வந்தார். 1847ஆம் ஆண்டு பாய்மரக் கப்பலில் புறப்பட்டு, பல திங்கள் பயணம் செய்து, அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் யாழ்ப்பாணத்தை அடைந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து.

தெரியுமா?

கிரீனுக்கு முன்னரே யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியாற்றிய அமெரிக்கர் ஜான் ஸ்கடர். பின்னர் அவர் சென்னைக்கு வந்து பணியைத் தொடர்ந்தார். வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் வளரக் காரணமான ஐடா ஸ்கடர் அவருடைய பெயர்த்தி ஆவார்.

மானிப்பாயில் தொடங்கிய வகுப்பு

வட்டுக்கோட்டையில் சிறிது காலம் இருந்த கிரீன், பின்னர் யாழ்ப்பாண நகருக்கு அருகிலுள்ள மானிப்பாயைத் தம் பணியிடமாகக் கொண்டார். காய்ச்சல், கண்நோய், புண், எலும்பு முறிவு எனப் பலவகைத் துன்பங்களோடு மக்கள் அவரை நாடி வந்தனர். பனை ஏறும்போது தவறி விழுந்தோரும், காயங்களை நெடுநாள் கவனியாது விட்டு வந்தோரும் அவர்களுள் இருந்தனர். எத்துணை உழைத்தாலும் தம் ஒருவரால் அனைவரையும் காத்தல் இயலாது என்பதைக் கிரீன் விரைவிலேயே உணர்ந்தார். நோயாளருக்கு மருந்து கொடுப்பதைவிட, மருந்து கொடுக்கத் தெரிந்தவரை உருவாக்குவதே நிலைத்த பயன் தரும் என்று அவர் கருதினார்.

அக்கருத்தின் விளைவாக 1848ஆம் ஆண்டு ஒரு சிறு மருத்துவ வகுப்பு தொடங்கியது. முதலில் சேர்ந்த மாணவர் சிலரே. அவர்கள் நூலைப் படித்ததோடு நோயாளரின் அருகிருந்தும் கற்றனர். புண்ணைக் கழுவிக் கட்டுதல், முறிந்த எலும்பை அசையாமல் நிறுத்துதல், மருந்தை அளந்து சேர்த்தல் முதலியவற்றைத் தாமே செய்து பழகினர். சென்னையில் 1835ஆம் ஆண்டிலேயே மருத்துவப் பள்ளி தோன்றியிருந்தது. கொழும்பில் 1870ஆம் ஆண்டில்தான் மருத்துவப் பள்ளி வந்தது. அவ்விரண்டிலும் பயிற்றுமொழி ஆங்கிலம். மானிப்பாய் வகுப்பும் தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே நடந்தது.

பள்ளிக்கும் வீட்டிற்கும் ஒரு நூல்

கிரீன் தமிழைக் கற்றார். நோயாளரிடம் பேசும் அளவோடு நில்லாமல், நூல் எழுதும் அளவிற்கு அதில் தேர்ச்சி பெற முயன்றார். மொழிபெயர்ப்புக்கு அவர் முதலில் எடுத்துக்கொண்ட நூல்களுள் ஒன்று, கால்வின் கட்டர் என்னும் அமெரிக்க மருத்துவர் எழுதிய உடல்நல நூலாகும். மூலநூல் மருத்துவர்க்காக எழுதப்பட்டதன்று. பள்ளி மாணவரும் குடும்பத்தாரும் படித்துப் பயன்பெற எழுதப்பட்டது.

எலும்பு, தசை, குருதி, மூச்சு, செரிமானம், தோல், கண், செவி ஆகியன எவ்வாறு அமைந்துள்ளன, எவ்வாறு இயங்குகின்றன என்பதை அந்நூல் விளக்கியது. அதனோடு நில்லாமல் அவற்றை நலமாக வைத்திருக்கும் வழியையும் கூறியது. தூய காற்று, அளவான உணவு, உடலுழைப்பு, உறக்கம், குளியல் ஆகியவற்றின் தேவையை எடுத்துரைத்தது. காயத்திலிருந்து பெருகும் குருதியை நிறுத்துதல், நீரில் மூழ்கியவரை மீட்டல், நஞ்சுண்டவருக்கு உதவுதல் ஆகியவற்றுக்கும் அதில் இடம் இருந்தது. முதலுதவி என்னும் பெயரோடு பொதுமக்களுக்குப் பயிற்சி அளிக்கும் இயக்கம் இங்கிலாந்தில் 1870களின் பிற்பகுதியில்தான் உருப்பெற்றது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே இத்தகைய அறிவைத் தமிழுக்குக் கொண்டுவரும் முயற்சி மானிப்பாயில் தொடங்கிவிட்டது.

ஆங்கிலமா, தமிழா?

1857ஆம் ஆண்டு உடல்நலம் கருதித் தாய்நாடு சென்ற கிரீன், 1862ஆம் ஆண்டு மனைவியுடன் யாழ்ப்பாணம் திரும்பினார். இதற்கிடையில் அவர் மனத்தில் ஒரு முடிவு உறுதிப்பட்டிருந்தது. இனி மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே அளிக்க வேண்டும் என்பதே அம்முடிவு.

இதற்கு வலிமையான காரணம் இருந்தது. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்ற இளைஞர் அரசுப் பணியையும் நல்ல ஊதியத்தையும் நாடி வெளியூர்களுக்குச் சென்றனர். யாருக்காக அவர்கள் பயிற்றுவிக்கப்பட்டனரோ, அந்தச் சிற்றூர் மக்களுக்கு அவர்களின் பணி கிட்டவில்லை. தமிழில் கற்றவர் தமிழ் மக்களிடையே தங்குவார். தாம் கற்றதை நோயாளர்க்கு விளங்கும் சொல்லில் கூறுவார். அவரிடமிருந்து அவ்வறிவு வீடுதோறும் பரவும் எனக் கிரீன் நம்பினார். தம் மாணவர் மேலைநாட்டு மருத்துவம் கற்பதற்காக மேலைநாட்டாராக மாற வேண்டியதில்லை என்பதும் அவர் கொள்கை. அவர்கள் தமிழர்க்குரிய உடையையும் பழக்கவழக்கங்களையும் விடாதிருப்பதையே அவர் விரும்பினார்.

இம்முடிவுக்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஆங்கிலக் கல்வி வேலைவாய்ப்பின் வாயிலாக விளங்கிய காலம் அது. தமிழில் கற்றால் தம் எதிர்காலம் சுருங்கும் என்று மாணவர் அஞ்சியதில் வியப்பில்லை. ஆயினும் கிரீன் தம் நிலையினின்று மாறவில்லை. 1860களின் நடுப்பகுதி முதல் மானிப்பாயில் மருத்துவம் தமிழ்வழியே பயிற்றப்பட்டது.

சொல் தேடிய வழி

தமிழில் கற்பிக்கத் தமிழில் நூல் வேண்டும். நூலுக்குக் கலைச்சொற்கள் வேண்டும். தமிழ் மருத்துவ மரபில் உடலுறுப்பு, நோய், மூலிகை ஆகியவற்றுக்குச் சொற்கள் நிறைய இருந்தன. ஆனால் மேலை மருத்துவம் பகுத்துக் காட்டிய ஒவ்வொரு நரம்புக்கும் தசைக்கும் குருதிக்குழாய்க்கும் பெயர் இல்லை. கிரீன் இதற்கு ஒரு நெறியை வகுத்துக்கொண்டார். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுதல். அது கிட்டாதபோது வடமொழியை நாடுதல். அதுவும் பொருந்தாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப எழுதுதல் என்பதே அந்நெறி. கலைச்சொற்களின் தொகுப்புகளையும் அவர் உருவாக்கினார்.

இப்பணியை அவர் தனித்துச் செய்யவில்லை. அவரிடம் பயின்ற சப்மன், டன்போத் முதலிய தமிழ் மருத்துவர்கள் மொழிபெயர்ப்பில் பங்கேற்றனர். மாணவர் மொழிபெயர்த்ததை ஆசிரியர் திருத்துவதும், ஆசிரியர் ஆக்கிய சொல்லைத் தமிழறிந்த மாணவர் செம்மைப்படுத்துவதுமாக நூல்கள் உருப்பெற்றன.

அறுவை மருத்துவம் பற்றிய இரண வைத்தியம் 1867ஆம் ஆண்டு வெளிவந்தது. புகழ்பெற்ற கிரேயின் உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயரிலும், நோயும் மருத்துவமும் பற்றிய நூல் வைத்தியாகரம் என்னும் பெயரிலும் 1872ஆம் ஆண்டு வெளிவந்தன. வேதியியல் நூலான கெமிஸ்தம் 1875ஆம் ஆண்டிலும், உடலியங்கியல் நூலான மனுஷ சுகரணம் 1883ஆம் ஆண்டிலும் அச்சாயின. இவ்வாறு உருவான மருத்துவ நூல்கள் நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் விரிந்தன.

சொல்லும் பொருளும்

அங்காதிபாதம் – உடற்கூற்றியல்
சுகரணம் – உடலியங்கியல்
உற்பாலனம் – நலவாழ்வியல்
இரண வைத்தியம் – அறுவை மருத்துவம்
கெமிஸ்தம் – வேதியியல்

கொள்ளைநோய்க் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர் வாழ்ந்த கடற்கரைப் பகுதிகளை வாந்திபேதி பலமுறை தாக்கியது. 1860களின் நடுவில் யாழ்ப்பாணத்திலும் அது பேரழிவை உண்டாக்கியது. லண்டன் நகரில் 1854ஆம் ஆண்டு ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர், அந்நோய் குடிநீர் வழியே பரவுவதைச் சான்றுகளுடன் காட்டியிருந்தார். எனினும் அக்கருத்தை மருத்துவ உலகம் முழுமையாக ஏற்க நெடுங்காலம் ஆயிற்று. வாந்திபேதிக் கிருமியை ராபர்ட் காக் உறுதிப்படுத்திய ஆண்டு 1884. அதே ஆண்டில்தான் கிரீன் மறைந்தார். ஆகவே, தாம் எதிர்த்துப் போராடிய பகைவனின் உருவை அறியாமலே அவர் வாழ்நாள் முழுதும் போராடினார் எனலாம்.

அத்தகைய காலத்தில் எளிய தமிழில் எழுதப்பட்ட நலவாழ்வுக் குறிப்புகள் பெரும் மதிப்புடையனவாக இருந்தன. கொள்ளைநோய் தெய்வக்குற்றத்தால் வருவதென்று அஞ்சிய மக்களுக்கு, அது தடுக்கக்கூடியது என்னும் செய்தியே பாதி மருந்தாக அமைந்தது. கிரீனிடம் பயின்றோர் சிற்றூர்களில் தங்கி மருத்துவம் செய்ததனால் அச்செய்தியைக் கொண்டுசேர்க்க ஆள் இருந்தது. அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

இறுதிக் காலம்

ஓயாத உழைப்பு கிரீனின் உடலை நலிவுறச் செய்தது. 1873ஆம் ஆண்டு அவர் யாழ்ப்பாணத்தை விட்டுத் தாய்நாடு திரும்பினார். ஆயினும் தமிழை விட்டு அவர் பிரியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கையெழுத்துப் படிகளை வூஸ்டரில் இருந்தவாறே திருத்தி அனுப்பினார். தம் மாணவர்களுடன் கடிதத் தொடர்பைப் பேணினார். 1884ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் இயற்கை எய்தினார். தமிழர்க்கு மருத்துவ வழியில் சமயத் தொண்டு செய்தவர் என்னும் பொருள் தரும் தொடரே அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது. மானிப்பாயில் உள்ள மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எஞ்சி நிற்கும் பணி

கிரீன் மூட்டிய விளக்கு அவர் விரும்பியவாறு தொடர்ந்து எரியவில்லை. தமிழ்வழி மருத்துவ வகுப்பு அவருக்குப்பின் நெடுநாள் நிலைக்கவில்லை. அரசின் ஏற்பும் ஊதியமும் ஆங்கிலக் கல்விக்கே கிட்டியமையால், மாணவர் அத்திசையிலேயே சென்றனர். அரிதின் முயன்று ஆக்கிய நூல்கள் படிப்பாரின்றி நூலகங்களில் தங்கின. அறிவியல் வளர வளர அவற்றின் செய்திகளும் பழையன ஆயின. அவர் ஆக்கிய சொற்களுள் பலவற்றின் இடத்தில் இன்று எளிய தமிழ்ச் சொற்கள் வழங்குகின்றன.

ஆனால் அவர் எழுப்பிய வினா பழையதாகவில்லை. மருத்துவ அறிவு மருத்துவமனைக்குள் மட்டும் இருந்தால் போதுமா, அது வயலுக்கும் உப்பளத்திற்கும் அடுக்களைக்கும் சென்றுசேர வேண்டாவா என்பதே அவ்வினா. தீப்புண் பட்ட இடத்தில் மையோ மாவோ பூசாமல் ஓடும் தூயநீரில் குளிரச் செய்ய வேண்டும். பாம்பு கடித்த இடத்தைக் கீறாமலும் இறுகக் கட்டாமலும், கடிபட்டவரை அசையவிடாமல் விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குருதி பெருகும் காயத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இவற்றைப் பள்ளி மாணவர் ஒருவர் தம் மொழியில் கற்றுத் தம் வீட்டாருக்கும் கூறும்போது, மானிப்பாயில் தொடங்கிய பணி மேலும் ஓர் அடி முன்னேறுகிறது. உயிர் காக்கும் கல்வி, உயிருக்குப் போராடுபவரின் அருகில் நிற்பவருக்கும் விளங்க வேண்டும் என்பதே கிரீனின் வாழ்க்கை விட்டுச்சென்ற பாடமாகும்.

கற்பவை கற்றபின்

1. மரக்காணம், வேதாரணியம், தூத்துக்குடி போன்ற உப்பளப் பகுதிகளில் உழைப்போர்க்கு ஏற்படும் உடல்நலக் குறைகளைக் கேட்டறிந்து, அவற்றைத் தடுக்கும் வழிகளை எளிய தமிழில் துண்டறிக்கையாக எழுதுக.

2. உங்கள் உயிரியல் பாடநூலில் உள்ள இருபது கலைச்சொற்களைத் தொகுத்து, அவை தமிழ்ச் சொல்லா, பிறமொழிச் சொல்லா எனப் பகுத்து அட்டவணைப்படுத்துக.

3. உயர்கல்வியைத் தாய்மொழியில் கற்பதால் விளையும் நன்மைகளையும் எதிர்கொள்ள வேண்டிய இடர்களையும் பற்றி வகுப்பறையில் கலந்துரையாடுக.