கிராமத்து வாத்தியாருக்கும் பென்ஷன்... யார் இந்த நெ.து.சு?

மதிய உணவுத் திட்டம்னா காமராஜரோடு சேர்த்து நெ.து.சுந்தரவடிவேலுவையும் சொல்வாங்க. ஆனா வாத்தியார்களின் பென்ஷனுக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு தெரியுமா?

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் நெய்யாடுபாக்கம் கிராமத்தில் 1912-ல் பிறந்தவர் இவர். 1954-ல் சென்னை மாகாணத்தின் பொதுக்கல்வி இயக்குநரானார்.

அப்போ கிராமப் பள்ளிகள் பலவும் அரசு உதவி பெறும் தனியார் பள்ளிகள்தான். அரசு ஆசிரியருக்கு பென்ஷன் உண்டு, இவங்களுக்குக் கிடையாது. வேலை முடிஞ்சா மாத வருமானமும் முடிஞ்சது. அப்படி ஒரு வேலையில் யார் நிலைச்சு இருப்பாங்க?

1955-ல் அவர்களுக்கும் பென்ஷன், வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீடு மூன்றும் கிடைத்தன. அதை நடைமுறைப்படுத்தும் துறையின் தலைவர் நெ.து.சு.தான். பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த அவர், 1993-ல் மறைந்தார்.

பிள்ளைக்குச் சோறு போட்டது ஊருக்கே தெரியும். வாத்தியாரின் முதுமைக்குச் சோறு போட்டதையும் நினைவில் வைப்போம்.