விக்டோரியா ராணிக்குக் கிடைத்த வலி நிவாரணம் சென்னைப் பெண்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? டாக்டர் மேரி ஷார்லீப்பின் கதை

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் பிரசவத்துக்காக மருத்துவமனையைத் தேடும் தம்பதிகள் இப்போது ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கிறார்கள்: இங்கே எபிடியூரல் வசதி இருக்கா? வலி குறைந்த பிரசவத்துக்கான ஊசி என்று பலருக்கும் அது தெரியும். அதே வீட்டில், நாங்கல்லாம் வலி தாங்கிப் பெத்துக்கலையா என்று ஒரு பாட்டியோ மாமியாரோ சொல்வதும் நடக்கும்.

இந்த விவாதம் புதிதல்ல. பிரசவ வலிக்கு மருந்து வந்து 175 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால், மருந்து இருப்பது வேறு, அது பிரசவ அறைக்குள் வந்து சேர்வது வேறு. இந்த இடைவெளியைச் சென்னையில் குறைக்க முயன்றவர்களில் முக்கியமானவர் டாக்டர் மேரி ஷார்லீப். மக்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைக்கும் திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி அரசு மருத்துவமனை, அவர் தொடங்கியதுதான்.

ராணி வாங்கிய மயக்க மருந்து

1847-ல் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன், பிரசவ வலியைக் குறைக்கக் குளோரோஃபார்ம் கொடுத்துப் பார்த்தார். பலன் கிடைத்தது. எதிர்ப்பும் வந்தது. பிரசவ வலி கடவுள் விதித்தது, அதைப் போக்குவது தவறு என்றார்கள் சிலர். இது ஆபத்தான வேலை என்றார்கள் சில மருத்துவர்கள்.

1853-ல் விக்டோரியா ராணிக்கு எட்டாவது குழந்தை பிறந்தது. அப்போது டாக்டர் ஜான் ஸ்நோ, கைக்குட்டையில் குளோரோஃபார்மை விட்டு, 53 நிமிடங்கள் ராணியை முகர வைத்தார். ராணிக்கு அது பிடித்துப்போனது. 1857-ல் கடைசிக் குழந்தை பிறந்தபோதும் அதையே வாங்கிக்கொண்டார். ராணியே எடுத்துக்கொண்ட பிறகு எதிர்ப்பு மெல்லத் தணிந்தது.

அந்த ராணியின் ஆட்சியில்தான் சென்னையும் இருந்தது. 1844-லேயே இங்கே அரசு மகப்பேறு மருத்துவமனை வந்துவிட்டது. அதுதான் இன்றைய எழும்பூர் மருத்துவமனை. 1856-ல் ராயபுரத்திலிருந்து ஆவடி வழியாக ரயிலும் ஓடத் தொடங்கியது. மருந்து இருந்தது, மருத்துவமனை இருந்தது, வந்து சேர வழியும் இருந்தது. ஆனாலும் ஏராளமான பெண்களுக்கு எதுவும் எட்டவில்லை. காரணம், டாக்டர்கள் எல்லோரும் ஆண்கள்.

கோஷா முறையைக் கடைப்பிடித்த முஸ்லிம் பெண்களும், உயர்சாதி இந்துக் குடும்பப் பெண்களும் ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்ட மாட்டார்கள். வீட்டில் மருத்துவச்சிதான் பிரசவம் பார்ப்பார். எல்லாம் சரியாகப் போனால் அவருடைய அனுபவமே போதும். குழந்தை குறுக்கே கிடந்தாலோ, ரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ அவரால் செய்ய முடிந்தது மிகக் குறைவு.

மூன்று குழந்தைகளின் தாய், மருத்துவ மாணவி

மேரி 1845-ல் லண்டனில் பிறந்தார். அவர் பிறந்த சில நாட்களிலேயே அம்மா இறந்துபோனார். 1865-ல் வழக்கறிஞர் வில்லியம் ஷார்லீப்பைத் திருமணம் செய்துகொண்டு, அடுத்த ஆண்டு கணவருடன் சென்னைக்கு வந்தார். இங்குள்ள வீடுகளுக்குள் பெண்கள் பிரசவத்தில் படும் பாட்டைக் கேள்விப்பட்டதும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. மகப்பேறு மருத்துவமனைக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார். அது போதாது, முழு டாக்டராக வேண்டும் என்பது அங்கே அவருக்குப் புரிந்தது.

அப்போது பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் மருத்துவக் கல்லூரிகள் உலகிலேயே மிகக் குறைவு. சென்னை மாகாண மருத்துவத் துறையின் தலைவராக இருந்த எட்வர்ட் பால்ஃபர், பெண்கள் படிக்க ஆதரவாக நின்றார். 1875-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மேரி அவர்களில் ஒருவர். அப்போது அவருக்கு வயது 30, மூன்று குழந்தைகள்.

1878-ல் படிப்பை முடித்தவர், மேற்படிப்புக்காக லண்டன் போனார். 1882-ல் லண்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மகப்பேறு மருத்துவத்தில் தங்கப் பதக்கமும் வாங்கினார். வியன்னாவிலும் பயிற்சி எடுத்துக்கொண்டார்.

1883-ல் சென்னை திரும்பும் முன், விக்டோரியா ராணியைச் சந்தித்து இந்தியப் பெண்களின் நிலையை எடுத்துச் சொன்னார். 30 வருடங்களுக்கு முன் குளோரோஃபார்ம் வாங்கிக்கொண்ட ராணியிடம், மருத்துவ உதவியே எட்டாத பெண்களைப் பற்றி ஒரு பெண் டாக்டர் பேசிய சந்திப்பு அது.

கோஷா ஆஸ்பத்திரி பிறந்தது

1885-ல் ராணியின் பெயரைத் தாங்கி மேரியின் மருத்துவமனை தொடங்கப்பட்டது. முதலில் நுங்கம்பாக்கத்தில் இயங்கி, பிறகு திருவல்லிக்கேணிக்கு மாறியது. ஆண் டாக்டரிடம் வராத பெண்கள் இங்கே வந்தார்கள். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் மேரி பாடமும் நடத்தினார்.

ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. அந்த மருத்துவமனையின் முழுப்பெயரே, அது சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும் உரியது என்று சொன்னது. ஒரு தடையை உடைத்த இடம், இன்னொரு தடையைப் பெயரிலேயே வைத்திருந்தது. இன்று அது எல்லோருக்குமான அரசு மருத்துவமனை.

உடல்நிலை சரியில்லாமல் 1887-ல் மேரி இங்கிலாந்து திரும்பினார். அடுத்த ஆண்டு லண்டன் பல்கலைக்கழகத்தில் எம்.டி. பட்டம் பெற்றார். பெண்நோய் அறுவை சிகிச்சையில் பெயர் பெற்றார். எல்லா விஷயத்திலும் அவர் முற்போக்கானவர் என்று சொல்லிவிட முடியாது. உதாரணமாக, கருத்தடையை எதிர்த்தார். 1930 நவம்பரில் காலமானார்.

எபிடியூரல் எப்படி வேலை செய்கிறது?

மேரி உயிரோடு இருந்தபோதே, 1921-ல், ஸ்பெயின் ராணுவ மருத்துவர் ஃபிடெல் பாஹேஸ் எபிடியூரல் முறையைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். இரண்டே வருடத்தில் அவர் விபத்தில் இறந்துபோனார். பிரசவத்தில் இந்த முறை பரவலாக வர இன்னும் பல வருடங்கள் ஆயின.

குளோரோஃபார்ம் மூளையை மயக்கும். எபிடியூரல் அப்படி இல்லை. கீழ் முதுகில், தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் மெல்லிய குழாயைச் செருகி, அதன் வழியே மருந்து கொடுப்பார்கள். இடுப்புக்குக் கீழே வலி குறையும். தாய் விழித்திருப்பார், குழந்தையின் முதல் அழுகையைக் கேட்பார்.

இதைப் போட்டுக்கொண்டால் சிசேரியன்தான் ஆகும், ஆயுசுக்கும் முதுகுவலி இருக்கும் என்ற பயம் பலருக்கு உண்டு. ஆய்வுகள் இந்த இரண்டையும் உறுதி செய்யவில்லை. ஆனால் ரத்த அழுத்தம் குறைவது, அரிப்பு, காய்ச்சல் போன்றவை வரலாம். சிலருக்குக் கடும் தலைவலி வரலாம். முக்கும் கட்டம் நீளலாம். ரத்தம் உறைவதில் பிரச்சினை உள்ளவர்களுக்கு இது பொருந்தாமல் போகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல், வலி நிவாரணம் கேட்கும் ஆரோக்கியமான கர்ப்பிணிகளுக்கு, அவர்கள் விருப்பத்தைப் பொறுத்து எபிடியூரல் தரலாம் என்கிறது.

இன்றைய தடை எது?

எபிடியூரல் போட மயக்கவியல் மருத்துவர் வேண்டும். போட்ட பிறகும் தாயின் ரத்த அழுத்தத்தையும் குழந்தையின் இதயத் துடிப்பையும் கவனிக்க ஆள் வேண்டும். நள்ளிரவில் வலி வந்தாலும் அந்த டாக்டர் கிடைக்க வேண்டும். மருந்து இருந்தும் ஆள் இல்லாவிட்டால் பயனில்லை. 1870-களில் மேரி பார்த்த பிரச்சினையும் இதுதான்.

அதனால் மருத்துவமனையைத் தேர்வு செய்யும்போது, எபிடியூரல் இருக்கா என்பதோடு நிறுத்திவிடாமல், மயக்கவியல் டாக்டர் 24 மணி நேரமும் இருப்பாரா என்றும் கேளுங்கள். செலவு எவ்வளவு, உங்கள் உடல்நிலைக்கு ஏற்றதா என்பதை வலி வரும் முன்பே, ஏழு எட்டு மாதத்திலேயே பேசிவிடுவது நல்லது.

வேண்டாம் என்று சொல்வதும் அந்தப் பெண்ணின் உரிமைதான். மேரி காலத்தில் பல பெண்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே ஆள் இல்லை. இன்று கேட்க ஆள் இருந்தால், பதிலை மாமியாரோ கணவரோ சொல்லாமல், வலிப்பவரே சொல்ல விடுங்கள்.