இடியைத் தரைக்கு அனுப்பிய அச்சுக்காரர்

த்ரீ-பின் சாக்கெட்ல மேல இருக்குற பெரிய ஓட்டை எர்த்துக்குன்னு நமக்குத் தெரியும். ஆனா அதுல இருந்து கிளம்புற பச்சை ஒயர் கடைசியில் எங்கே போய் முடியுதுன்னு பார்த்திருக்கோமா? கம்பி தரைவரைக்கும் போய்ச் சேரணும் என்பதை உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின்.

1706-ல் பாஸ்டனில் பிறந்தார். அப்பா சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து விற்றவர். வீட்டில் மொத்தம் 17 பிள்ளைகள். பள்ளிப் படிப்பு ரெண்டே வருஷம்தான். 12 வயசில் அண்ணனுடைய அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 17 வயசில் அங்கிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்கு ஓடிப்போய், பிறகு சொந்த அச்சகம் வைத்தார். 42 வயசில் தொழிலைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு மின்சாரத்தில் இறங்கினார்.

1752 ஜூன் மாதப் பட்டம் விட்ட கதை எல்லாருக்கும் தெரியும். அதில் பட்டத்தை இடி தாக்கவில்லை. தாக்கியிருந்தால் ஆள் தப்பியிருக்க மாட்டார். மேகத்தின் சார்ஜ் நனைந்த நூல் வழியா இறங்கி, சாவியில் பொறியாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

நமக்கு முக்கியமானது அதே செப்டம்பரில் அவர் தன் வீட்டில் செய்தது. புகைக்கூண்டு மேல் ஒரு இரும்புக் கம்பி. அதிலிருந்து ஒரு ஒயர் மாடிப்படி வழியா இறங்கி, தண்ணீர் பம்பின் இரும்புத் தண்டில் சேர்ந்தது. அதுதான் எர்த். ஆனா நடுவில் ஒயரை வெட்டி, சுமார் 6 அங்குலம் இடைவெளி விட்டு, ரெண்டு முனையிலும் மணி கட்டினார். மேகம் வந்தா மணி அடிக்கும்! ஆராய்ச்சிக்கு அருமை, வீட்டுக்கு ஆபத்து. 1758-ல் அவர் லண்டனில் இருந்தபோது, மணிச்சத்தம் மனைவி டெபோராவைப் பயமுறுத்தியது. ரெண்டு மணியையும் ஒரு ஒயரால் இணைத்துவிடச் சொல்லி எழுதினார். இடைவெளி மூடினா சத்தம் இல்லை; கரண்ட் பேசாம தரைக்குப் போயிடும்.

அந்த இணைப்பு இல்லைன்னா என்ன ஆகும்? 1753-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பேராசிரியர் ரிச்மன் இதே மாதிரி கூரையிலிருந்து அறைக்குள் கம்பி இறக்கினார். சார்ஜை அளக்கணும்னு தரையோடு இணைக்கவில்லை. இடி இறங்கியது, கருவி அருகே நின்ற அவர் அங்கேயே இறந்தார்.

அந்த வருஷப் பஞ்சாங்கத்தில் பிராங்க்ளின், கம்பியை ஈரமண்ணில் 3, 4 அடி இறக்கச் சொல்லி வெளியிட்டார். காப்புரிமை கேட்கவில்லை. 1790-ல் மறைந்தார்.

இடிதாங்கி வேற, வீட்டு எர்த் வேற. ஆனா கேள்வி ஒண்ணுதான்: கம்பி எங்கே முடியுது? உங்க வீட்டு மீட்டர் போர்டை, எதையும் கழற்றாம, கண்ணால மட்டும் பாருங்க. எர்த் ஒயர் வீட்டுக் குழிக்கு மட்டும் போனா டிடி. சப்ளை கேபிளின் உலோக உறையில் சேர்ந்தா டிஎன்-எஸ். சப்ளை நுழையும் இடத்திலேயே நியூட்ரலோடு சேர்ந்தா டிஎன்-சி-எஸ்.

டிடின்னா ஒரு கணக்கு: குழியின் ரெசிஸ்டன்ஸ் 20 ஓம்னா 230 வோல்ட்டில் 11.5 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்சிபி அசையாது. ஆர்சிசிபி கட்டாயம் வேணும். அது இல்லைன்னா, நம்ம வீட்டு ஒயரிலும் ஒரு 6 அங்குல இடைவெளி இருக்குன்னு வெச்சுக்கங்க. மணி மட்டும் அடிக்காது.