எண்ணெய் வேந்தர் ராக்பெல்லர்

உலகின் இல்லங்கள் பலவற்றில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில், அமெரிக்காவின் எண்ணெய்த் தொழிலைத் தம் பிடிக்குள் வைத்திருந்தவர் ஜான் டி. ராக்பெல்லர். நியூயார்க் மாநிலத்து ரிச்ஃபோர்டு என்னும் சிற்றூரில் 1839 ஜூலை 8 அன்று பிறந்தார். தந்தையார் ஊர் ஊராய்ச் சென்று மருந்து விற்றவர். இல்லத்தில் தங்கியது அரிது. கண்டிப்பு மிக்க அன்னையே மக்களை வளர்த்தார்.

1855 செப்டம்பர் 26 அன்று, தமது பதினாறாம் வயதில், கிளீவ்லாண்டு நகரத்து மண்டி ஒன்றில் உதவிக் கணக்கராக அமர்ந்தார். அந்நாளை வாழ்நாள் முழுதும் கொண்டாடி வந்தார். சொந்த வரவு செலவுக்கெனச் சிறு கணக்கேடு ஒன்றும் தொடங்கினார். திருச்சபைக்கு ஈந்த சில்லறைக் காசும் அதில் பதிவாயிற்று. முதுமையிலும் அவ்வேட்டை அரும்பொருளாகப் போற்றினார். பேரேடு எழுதிப் பழகியவர்க்கு இதன் அருமை விளங்கும்.

1859 இல் பென்சில்வேனியாவில் எண்ணெய் ஊற்றெடுத்ததும் பலர் கிணறு தோண்ட ஓடினர். ராக்பெல்லரோ சுத்திகரிப்பில் கருத்தைச் செலுத்தினார். 1863 இல் கூட்டாக ஓர் ஆலையில் முதலிட்டு, 1865 இல் கூட்டாளிகளிடையே நடந்த ஏலத்தில் 72,500 டாலருக்கு எடுத்தார். 1870 இல் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் எழுந்தது. மண்ணெண்ணெய்த் தகரத்தைப் பற்றவைக்க நாற்பது துளி ஈயம் செலவாவதைக் கண்டு, முப்பத்தொன்பதில் முடிக்கச் செய்த சிக்கனம் அவருடையது.

மற்றொரு வழி அத்துணைத் தூயதன்று. இரயில்வே நிறுவனங்களிடம் மறைவாகக் கூலித் தள்ளுபடி பெற்றார். 1872 இல் வகுத்த திட்டம் இன்னும் கொடிது. போட்டியாளர் செலுத்தும் கூலியிலும் ஒரு பங்கு தம் அணியினர்க்கு வரவேண்டும் என்பது அதன் விதி. மக்கள் கொதித்தெழவே அது கைவிடப்பட்டது. ஆயினும் அதன் அச்சமே போதுமானதாயிற்று. சில வாரங்களில் கிளீவ்லாண்டின் 26 ஆலைகளுள் 22 அவர் வசமாயின. விலையாகப் பங்குகளைப் பெற்றுக்கொண்டோர் பின்னர்ச் செல்வரானதும் உண்மையே. எனினும் விற்க மறுக்கும் துணிவு பலர்க்கு எஞ்சவில்லை.

போட்டி ஆலையில் கூட்டாளியாயிருந்த இளவல் ஃபிராங்க், தமையனுக்கு எதிராகச் சாட்சி கூறினார். பகை முற்றிய பிற்காலத்தில், இறந்துபோன தம் குழந்தைகள் இருவரின் உடல்களையும் குடும்பக் கல்லறையிலிருந்து பெயர்த்தெடுத்துச் சென்றார். ராக்பெல்லரின் கோடிகளைக் காட்டிலும் இச்செய்தியே எம் நெஞ்சில் நிற்கிறது.

1880 அளவில் நாட்டின் சுத்திகரிப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அவரிடம் இருந்தது. 1892 இல் ஒகையோ மாநில நீதிமன்றம் அவரது டிரஸ்ட் அமைப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நிறுவனமோ நியூஜெர்சியில் வேறு உருவெடுத்தது. 1872 இன் கொந்தளிப்பில் இடர்ப்பட்ட எண்ணெய்த் தொட்டி வினைஞர் ஒருவரின் மகளான ஐடா டார்பெல், 1902 முதல் மெக்ளூர்ஸ் இதழில் அதன் வரலாற்றை ஆவணச் சான்றுகளுடன் எழுதினார். நாடு விழித்தது. 1911 மே 15 அன்று உச்ச நீதிமன்றம் அதனை 34 நிறுவனங்களாகப் பிரிக்க வழிசெய்தது.

வியப்பு அதன் பின்னரே. ஒவ்வொரு பிரிவிலும் அவருக்குப் பங்கு கிடைத்தது. மோட்டார் வண்டிகள் பெருகப் பெட்ரோல் தேவை வளர்ந்து, பங்குகளின் விலையும் ஏறியது. தண்டனை பெற்றவர் முன்னினும் பெருஞ்செல்வரானார்!

சிகாகோ பல்கலைக்கழகத்திற்கும், 1901 இல் நிறுவிய மருத்துவ ஆய்வுக் கழகத்திற்கும், 1913 இல் அமைத்த அறக்கட்டளைக்கும் வாரி வழங்கினார். வாழ்நாளில் ஈந்தது ஐம்பது கோடி டாலருக்கும் மேல். 1937 மே 23 அன்று, 97 ஆம் வயதில் ஃபுளோரிடாவில் மறைந்தார். பிரிக்கப்பட்டவற்றுள் பெரிய இரண்டின் வழிவந்த நிறுவனங்கள் 1999 இல் எக்ஸான்மொபில் என மீண்டும் ஒன்றாயின.